மூன்றாம் திருத்தத்தில் உன் பெயர்

என் ஜெசிக்கு,

நீ போன இடத்தில் ஒரு குறையும் இருக்காது என்று பங்குச் சாமியார் சொல்கிறார். அவர் சொன்னால் நம்ப வேண்டியதுதான். இங்கே நாங்கள் இருக்கிறோம். அம்மா ஒரு வேளை சாப்பிடுகிறாள், இன்னொரு வேளை சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்கிறாள். அப்பா யாருடைய மல்லாட்டைக் கொல்லையிலாவது களை வெட்டப் போய்விடுகிறார். வீட்டில் இருந்தால் உன் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறார் என்று அம்மாதான் அவரை விரட்டி அனுப்புகிறாள்.

உனக்குத் தெரிந்த கதையையும் இதில் சேர்த்து எழுதப் போகிறேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதாண்ணா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. இதை நான்கு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. தெரியாதவர்கள் உன்னைப் பற்றித் தப்பாக ஒன்றைக் கேள்விப்பட்டுவிட்டார்கள், அதுதான் விஷயம்.

திண்டிவனத்தில், நீ ஆபீசில் படம் வரைந்த நம் கம்பெனி ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறது. நான்தான் அங்கே சைட் சூப்பர்வைசர். நம் ஏழுமலை மேஸ்திரிதான் வேலை பார்க்கிறார். மாடிப்படிக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்த பிறகு பார்த்தால், மேலே வரும் பீம் தலையில் இடிக்கிறது. குள்ளமாக இருப்பவன்கூடக் குனிந்துதான் ஏற வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் குனிந்துகொண்டு மாடி ஏறினால் நன்றாகவா இருக்கும்? விழுப்புரம் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்திய வரைபடத்தின் பிரிண்ட் வந்தது. பீமை மேலே தூக்கியிருந்தார்கள். சரி என்று வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் மண்டபத்துக்காரர் வந்தார். நல்ல மனுஷன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசுவார். அவரிடமும் ஒரு பிரிண்ட் போயிருந்தது.

"படிக்கட்டு தப்பானதுக்கு நான் ஒண்ணும் சொல்லல அந்தோணி. ஆபீஸ்ல கேட்டேன், தப்பா வரைஞ்ச பொண்ணே போய்ச் சேர்ந்துடுச்சாமே. காமாலையாமே, பாவம். செத்தவங்க மேல இன்னா கோவம்? மன்னிச்சு வுட்டுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிரிண்டைப் பிரித்து, வலது பக்கம் கீழே இருக்கும் கட்டத்தைப் பார்த்தேன். திருத்தம் ஒன்று, திருத்தம் இரண்டு, அதற்குக் கீழே திருத்தம் மூன்று. இங்கிலீஷில் எழுதியிருந்தது. படிக்கட்டின் உயரம் தவறு, சரிசெய்யப்பட்டது. காரணம், வரைந்தவரின் பிழை. கடைசிக் கட்டத்தில் உன் எழுத்து: எஸ்.ஜே.

சவரிமுத்து ஜெசிந்தா. நீ கார்த்திகையில் போனாய். அந்தப் படிக்கட்டு தை மாதம் வரைந்தது. படிக்கட்டுப் படம் சைட்டுக்கு வந்த அன்றைக்கு நானே வாங்கிப் பார்த்தேன். உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து இரண்டு மாதம் ஆன பிறகு நீ எப்படி ஜெசி படிக்கட்டு வரைவாய்?

உன் அண்ணனுக்குக் கோபம் வந்தால் கால் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். எதிரே இருந்த சிமெண்ட் மூட்டையை ஓர் உதை விட்டேன். மண்டபத்துக்காரர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவருக்கு நீ என் தங்கச்சி என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஏழுமலை மேஸ்திரியிடம் மட்டும் சொன்னேன். அவருக்கு நம்பர் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. கட்டத்தைக் காட்டி, இன்ன மாதிரி எழுதியிருக்கிறது என்றேன். அவர் உடனே கலவை மிஷினை நிறுத்தச் சொன்னார்.

"இந்தத் தாளை வெச்சிக்கினு ஒரு சட்டி கலவை மேல ஏறாது அந்தோணி. போய் ஆபீஸ்ல சொல்லு."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று படிப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதனால் கூட்டேரிப்பட்டு ரைஸ் மில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. விழுப்புரத்தில் யார் ஆபீசில் அப்போது கம்ப்யூட்டர் இருந்தது? நம் இன்ஜினியர் சார் மெட்ராஸ் கம்பெனிகளுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று வாங்கிப் போட்டார். அதற்கு ஏசி வைத்த ரூம், துணி உறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் கிளாஸ் போய்வந்த ஒரே ஆள் நீ. நான்தான் உன்னை ஆபீசில் சேர்த்துவிட்டேன். சேர்ந்த முதல் நாளே, "வெளில வேகுது, உள்ள நான் சொட்டர் போட்டுக்கினு உக்காந்திருக்கேன்ண்ணா" என்று சிரித்தாய்.

மில் ஷெட்டில் தூணுக்குத் தூண் பதினைந்து அடி என்று முதலில் வரைந்தாய். மிஷின் பெரிதாக வருகிறது, பதினாறு அடி வேண்டும் என்று மில்காரர் சொன்னார். சார் ஜல்தி ஜல்தி என்று பறந்தார். பேப்பரில் கையால் வரைந்த காலத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கோட்டை நகர்த்த மாட்டார்கள், நம்பரை மட்டும் சுரண்டிவிட்டு மாற்றி எழுதுவார்கள். மேஸ்திரி கோட்டை அளந்தா கட்டுகிறார், நம்பரைத்தானே பார்க்கிறார்? நீயும் அதே வழக்கத்தைக் கம்ப்யூட்டரில் செய்தாய். கோடு பதினைந்திலேயே கிடந்தது. மேலே பதினாறு என்று கையால் அடித்துவிட்டாய். அந்தப் பிரிண்டைப் பார்த்து விழுப்புரம் பட்டறையில் பதினாறு அடிக்கு இரும்புக் கூரை செய்ய ஆரம்பித்தார்கள்.

அடுத்த மாதம் ஷெட்டை நீட்ட வேண்டும் என்றார்கள். நீ அளவுகளையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி போட்டாய். இந்தத் தடவை கம்ப்யூட்டரே கோட்டை அளந்து நம்பர் எழுதியது. கோடு பதினைந்துதானே? பதினைந்து என்றே எழுதிவிட்டது. நீ கவனிக்கவில்லை, சாரும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். சைட்டில் ஏழுமலை மேஸ்திரி புதுப் பிரிண்டைப் பார்த்துப் பதினைந்து அடியில் தூணுக்கு அஸ்திவாரம் போட்டார். கூரை லாரியில் வந்து இறங்கியபோது எதுவும் எதிலும் உட்காரவில்லை.

மில்காரர் ஆபீசில் வந்து கத்தினார். சார் அவரிடம், மேஸ்திரி அளவைத் தப்பாகப் பார்த்துவிட்டான், அவனை அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு மேஸ்திரிக்கு அளவு பார்க்கத் தெரியாது என்று பேர் வந்தால் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் எவன் வேலை கொடுப்பான்? ஏழுமலைக்கு மூன்று பெண்கள். அவர் மில் வாசலில் இரும்புக் கம்பிக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டு, "நம்பரைப் பார்த்துதானேப்பா போட்டேன், நம்பரைப் பார்த்துதானே போட்டேன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

சைட்டில் இருக்கும் பிரிண்டை வாங்கிவரச் சொல்லி சார் என்னை அனுப்பினார். அதைக் கொண்டுவந்து உன் மேஜையில் வைத்தேன். சார் உன்னிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"நம்பரைப் பதினாறு ஆக்கி இதே திருத்த நம்பர்ல வேற பிரிண்ட் எடும்மா. அதை அந்தோணி சைட்ல வெச்சுடட்டும். இந்தப் பழசைக் கிழிச்சுப் போடு. கம்ப்யூட்டர்ல அழிச்சா எவனுக்குத் தெரியப்போவுது?"

நீ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய். உட்கார்ந்து வேலை செய்தாய். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு கோட்டை நகர்த்தி முழுப்படத்தையும் மறுபடி போட்டுக் காட்டுவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நான் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் கோட்டையே பதினாறுக்கு நகர்த்தியிருந்தாய். பழைய படத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதியதை வேறு பெயரில் வைத்திருந்தாய். மாறிய இடத்தில் ஒரு சின்ன முக்கோணம், அதற்குள் புதுத் திருத்தத்தின் நம்பர். கீழே கட்டத்தில் ஒரு வரி கூட்டியிருந்தாய். முந்தைய திருத்தத்தில் தூண் அளவு தவறு. காரணம், வரைந்தவரின் பிழை. எஸ்.ஜே.

சார் பிரிண்டைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"இன்னா பொண்ணும்மா நீ? என் கம்பெனி பேரைக் கெடுக்கத்தான் உன்னை ஏசி ரூம்ல உக்கார வெச்சேனா?"

"மேஸ்திரி தாள்ல இருந்ததைத்தான் சார் கட்டினாரு. தப்பு நான் பண்ணது. எனக்குப் பதிலா வேற ஆள் கெடைச்சா சொல்லுங்க சார், நான் போய்க்கிறேன்."

வேறு ஆளுக்கு அவர் எங்கே போவார்? அந்த மிஷினை உன்னைத் தவிர யாருக்கும் நிறுத்தக்கூடத் தெரியாது. ஒரு வாரம் உன்னோடு பேசாமல் இருந்து பார்த்தார், அப்புறம் தானாகப் பேசினார். ஏழுமலை வேலையில் இருந்தார். அஸ்திவாரத்தை உடைத்து மறுபடி போட்டோம்.

அன்றைக்குப் பஸ்ஸில் உன்னோடு நான் சண்டை போட்டேன். அளவு திருத்தப்பட்டது என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாமே, பேரை எதற்கு எழுதினாய் என்று கேட்டேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. நீ ஜன்னல் வழியாக வேகவைத்த மல்லாட்டை வாங்கி, கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னாய்.

"தாள்ல பிளேடு போட்டுச் சுரண்டினா தழும்பு இருக்கும்ண்ணா. இன்னிக்கி இல்லாங்காட்டி நாளைக்கு எவனாவது வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பான். கம்ப்யூட்டர்ல ஒரு தழும்பும் இருக்காது. நாமளா எழுதி வெச்சாதான் உண்டு."

அதற்குப் பிறகு ஆபீசில் எல்லாம் உன் சட்டம். மாறிய இடத்தில் முக்கோணம் இல்லாமல் ஒரு தாள் வெளியே போகாது. எது மாறியது, ஏன் மாறியது, யார் மாற்றியது என்று கட்டத்தில் இல்லாமல் சாரிடம் கையெழுத்துக்குப் போகாது. பழைய பிரிண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது. "என்னண்ணா, கூடப்பொறந்தவன்னா சும்மா குடுத்துடுவேனா?" என்று என்னையே வாசலில் நிறுத்திவைத்தாய். பேஜாராகத்தான் இருந்தது. ஆனால் எந்தச் சைட்டிலும் இரண்டு பேர் இரண்டு தாளை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் உனக்குக் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வேண்டாத சாமி இல்லை. நான் சைட்டிலிருந்து நேராக வந்து கட்டிலில் உட்கார்ந்தால், "சிமெண்ட் சட்டையோட உக்காராதே, நர்ஸ் என்னைத் திட்றாங்க" என்பாய். கடைசி வாரம் அதைக்கூடச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தேன், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அதை எழுதக் கை வரவில்லை ஜெசி, விட்டுவிடுகிறேன்.

இப்போது உன் நாற்காலியில் பாஸ்கர் இருக்கிறான். சாருடைய அக்கா மகன், போன வருஷம் கல்யாணமானவன். கெட்டவன் இல்லை. படிக்கட்டை வரைந்தது அவன்தான்.

மேஸ்திரி வேலையை நிறுத்திய அன்றே பஸ் ஏறி விழுப்புரம் போனேன். பிரிண்டை சார் மேஜையில் விரித்து, உன் எழுத்தின்மேல் விரலை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

"உக்காரு அந்தோணி. கோவப்படாதே. மண்டபத்துக்காரர் பெரிய ஆளு. இன்னும் ரெண்டு வேலை குடுக்கறேன்னு சொல்லிக்கினு இருக்காரு. பாஸ்கர் பேரை எழுதினா இவனை மாத்துன்னு ஒத்தக்கால்ல நிப்பாரு. இவன் பொண்டாட்டி முழுகாம இருக்கா. உயிரோட இருக்கறவன் பொழைக்கணும்ல? ஜெசிந்தாவுக்கு இனிமே இதனால இன்னா நஷ்டம், சொல்லு?"

கேட்டதும் நானும் அதையே யோசித்தேன், அதுதான் உண்மை. உனக்கு என்ன நஷ்டம்? சம்பளம் பிடிப்பார்களா, திட்டுவார்களா? யாருக்காவது உதவும் என்றால் நீயே, போனால் போகிறது என்று விட்டிருப்பாயோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நீதான் ஒருமுறை உன் தப்பை உன் தப்பு என்று எழுதிக் கொடுத்தவள் ஆயிற்றே. அதனால்தான் இது எல்லோரும் நம்பும்படி இருந்தது. ஒரு தப்பை ஒத்துக்கொண்ட பெண் தலையில் எத்தனை தப்பை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. அதை நினைத்ததும் சொல்லிவிட்டேன்.

"அவளுக்கு நஷ்டம் இல்ல சார். எங்கம்மாவுக்கு இருக்குது. அவ பொண்ணு தப்பா வேலை பார்த்துட்டுச் செத்துப்போனான்னு திண்டிவனம் பூரா பேசுவாங்க. அவ பண்ணதை அவளே எழுதிக் குடுத்தா. பண்ணாததை நீங்க எழுதாதீங்க."

கம்ப்யூட்டர் ரூம் கதவு திறந்திருந்தது. பாஸ்கர் எழுந்து வந்து வாசலில் நின்றான்.

"நானா எழுதலண்ணே. மாமா சொன்னாரு, அடிச்சேன்" என்றான்.

அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்காரர் போன் செய்தார். வேலை ஏன் நிற்கிறது, ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் வேண்டுமே என்று கேட்டிருக்கிறார். தாள் மாறாமல் மேஸ்திரி மிஷினை ஓட்ட மாட்டார் என்று சாரிடம் சொன்னேன். சாருக்கு வியர்த்துவிட்டது. போனை வைத்ததும் பாஸ்கர் பக்கம் திரும்பினார்.

"டேய், அந்த வரியையே எடுத்துடுடா. பேரே இல்லாம பண்ணிடு. போதுமா அந்தோணி?"

அந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. உன் பெயர் போய்விடும், பாஸ்கர் பெயரும் வராது, எல்லோருக்கும் நல்ல பிள்ளையாகிவிடலாம். ஆனால் மண்டபத்துக்காரர் படித்துவிட்டாரே, உன்னை மன்னித்தும்விட்டாரே! அதை எந்தப் பொத்தானை அழுத்தி எடுப்பது?

"எடுக்காதீங்க சார். மூணாவது அப்படியே இருக்கட்டும். கீழ நாலாவது போடுங்க."

சார் என்னையே பார்த்தார். இவனையும் அனுப்பிவிடலாமா என்று யோசித்திருப்பார். அனுப்பியிருந்தால் வந்திருப்பேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் பாஸ்கர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். நான் பின்னால் நின்றேன். திருத்தம் நான்கு என்று அடித்தான். மூன்றாம் திருத்தத்தில் பெயர் தவறாகக் குறிக்கப்பட்டது. படிக்கட்டை வரைந்தவர் வேறு. அங்கே நிறுத்தி, முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் தன் எழுத்தை அடித்தான்: கே.பி.

அவன் நல்லா இருப்பான் ஜெசி. உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறானே என்று அத்தனை நாள் அவன்மேல் எனக்கு ஒரு வெறுப்பு இருந்தது. அது அன்றைக்குப் போய்விட்டது.

சார் கையெழுத்துப் போட்டார். பிரிண்ட் எடுத்தார்கள். பிரிண்ட் எடுக்கும் அமோனியா வாடை இன்னும் போகாத தாளைச் சுருட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தேன். மண்டபத்துக்காரரிடம் நானே நான்காவது வரியைப் படித்துக் காட்டினேன். மூன்றாவது வரியில் இருப்பது என் தங்கச்சி என்று அப்போதுதான் சொன்னேன். அவர் கைக்குட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் தங்கச்சியாப்பா? முன்னாடியே சொல்லக் கூடாதா? நான்பாட்டுக்கு மன்னிச்சேன் கின்னிச்சேன்னு பேசிட்டேனே."

பாஸ்கரை மாற்றச் சொல்லி அவர் எதுவும் கேட்கவில்லை. சார் வீணாகப் பயந்துபோனார். ஏழுமலை மேஸ்திரி தாளை வாங்கி, நான் காட்டிய வரியைத் தடவிப் பார்த்துவிட்டு மிஷினை ஓட்டச் சொன்னார். பழைய பிரிண்டுகளைச் சேகரித்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். படிக்கட்டு வந்துவிட்டது. நானே ஏறிப் பார்த்தேன், நிமிர்ந்துதான் ஏறினேன்.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகத்தான் கிளியனூர் பஸ் ஏறினேன். போன வாரம் மண்டபத்துக்கு அடுத்த தாள் வந்தது, சமையல்கட்டின் படம். பழக்கத்தில் கண் முதலில் கட்டத்துக்குத்தான் போனது. கே.பி., கே.பி., கே.பி. என்று இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. எங்கும் நீ இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் எந்தத் தாளிலும் உன் எழுத்து வராது. பொய்யாகவாவது ஒரு தாளில் நீ கார்த்திகைக்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருந்தாய். நான்தான் பஸ் ஏறிப் போய், சண்டை போட்டு, நீ இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். சைட்டில் அத்தனை பேர் நடுவில் கலவைச் சட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன் ஜெசி. உன்னைப் புதைத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. மேஸ்திரி ஆட்களை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, தானும் கொஞ்சம் தள்ளி நின்றார்.

அம்மாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. உன் பெயர் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். என் பெண் பெயருக்கு என்னடா ஆயிற்று என்று திருப்பிக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

நீ போடாத கோட்டின்மேல் உன் பெயரை எழுத நான் இருக்கும்வரை யாரையும் விட மாட்டேன். நீ போட்ட கோட்டை, நீ போட்டதில்லை என்று சொல்லவும் விட மாட்டேன். கூட்டேரிப்பட்டு மில்லைத் தாண்டும்போதெல்லாம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும், அந்தத் தூண்களைக் காட்டி என் தங்கச்சி வரைந்தது என்று சொல்வேன். முதலில் தப்பாக வரைந்தாள், அப்புறம் சரியாக வரைந்தாள் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
அந்தோணி
கிளியனூர்